எட்டு டின் பினாயில்

எங்கள் ரப்பர் ஆலையின் நாற்றம் எந்த வளைவில் தொடங்கும் என்பது சுங்கை சிப்புட் பஸ் டிரைவருக்கு அத்துப்படி. வளைவு வருமுன்னே ஜன்னல்களை ஏற்றச் சொல்லிக் கத்துவார். நான் மட்டும் ஏற்றமாட்டேன். ஈப்போ சிலிபினிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, அந்த நாற்றத்துக்குள்ளேயே எட்டு மணி நேரம் உட்காரப்போகிறவள் நான். ஜன்னலை மூடி என்ன ஆகப்போகிறது.

ஆலையில் என் அறைக்கு வெளியே 'ஆய்வுக்கூடம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு தராசு, கொஞ்சம் கண்ணாடிக் குப்பிகள், அப்புறம் நான். மரத்துப் பாலை அமிலம் விட்டு உறையவைத்து, கழுவி, பாளமாக அழுத்திக் கப்பலுக்கு அனுப்புவது எங்கள் தொழில். கழுவிய தண்ணீர் முழுவதும் பல வருடமாக நேரே ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அமிலம், அம்மோனியா, அழுகிய பால் எல்லாம் கலந்த தண்ணீர். ஓடையில் ஒரு கெளுத்திகூட மிஞ்சவில்லை. கீழே இருந்த மலாய்க் கிராமத்துக் கம்போங்காரர்கள் அதில் குளிப்பதையும் துவைப்பதையும் நிறுத்திவிட்டு மனு எழுத ஆரம்பித்தார்கள்.

பிறகு சட்டம் வந்தது. வெளியே விடும் தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று காட்டும் ஓர் எண் உண்டு. அது நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. 1979 டிசம்பர் முடிவதற்குள் நூறுக்குக் கீழே இறங்காவிட்டால் லைசென்ஸ் கிடையாது, ஆலைக்குப் பூட்டு. அறுபத்திரண்டு பேருக்கு வேலை போகும். வேலை போனால் அவர்கள் குடியிருக்கும், ஆலைக்குச் சொந்தமான லயத்து வரிசை வீடும் போகும்.

மேனேஜர் லூயிஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்த நாளில் நான்தான் வாயைக் கொடுத்தேன். கோலாலம்பூரில் பத்து நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்த திமிர்.

"சார், ரெண்டு குட்டை வெட்டுங்க. மிச்சத்தைப் பூச்சி பாத்துக்கும்."

"என்ன பூச்சி?"

"கண்ணுக்குத் தெரியாது சார். பாக்டீரியா. அழுக்குதான் அதுக்குச் சாப்பாடு. முதல் குட்டையில பாதி தின்னும், ரெண்டாவது குட்டையில மீதி தின்னும். ஓடைக்குப் போறப்ப தண்ணி சுத்தமா இருக்கும்."

"தின்னலைன்னா?"

"தின்னும் சார். நான் பொறுப்பு."

இந்த 'நான் பொறுப்பு' என்ற சொல்லை நான் அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஆலையில் எவனுக்குத் தும்மல் வந்தாலும் என் பூச்சிதான் காரணம் என்றார்கள்.

பேட்மிண்டன் கோர்ட் அளவுக்கு முதல் குட்டை, அதைவிடப் பெரிதாக இரண்டாவது. குட்டைகளைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் ஒருவரும் முன்வரவில்லை. ரப்பரைக் காயவைக்கும் கொட்டகையில் புகையில் வெந்துகொண்டிருந்த இருளாயி அக்கா மட்டும், "புகைக்கு நாத்தம் தேவலலா" என்று சொல்லிவிட்டு வந்தாள். நாற்பது வயது, புருஷன் இல்லை, வாய் உண்டு. லயத்தின் கடைசி வீடு அவளுடையது. லயத்துச் சாக்கடையான லோங்காங்கின் தண்ணீர் வந்து தேங்கும் இடத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி வைத்திருந்தாள். அந்தக் குழியின் கறுப்புச் சேற்றை அள்ளிப் போட்டு வளர்த்த வாழை, தாரை ஒரு ஆள் தூக்க முடியாது. தீபாவளிக்கு அவள் வீட்டில் முறுக்கு தின்றபோது அந்தக் குழியைப் பார்த்தேன். குமிழ் குமிழாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. எனக்கு முறுக்கே இறங்கவில்லை.

முதல் குட்டையில் மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றிப் பூச்சிகளைக் குடியேற்றினோம். இருளாயி அக்கா நீண்ட மூங்கிலால் கிண்டிவிடுவாள். அமிலம் கூடினால் சுண்ணாம்பு போடுவாள். சரியாக ஒன்றரை மாதத்தில் தண்ணீர் பழுப்பாகி, அடியிலிருந்து குமிழிகள் வர ஆரம்பித்தன. குமிழி வந்தால் பூச்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"இன்னைக்கு எத்தனை தங்கச்சி?" என்று தினமும் கேட்பாள்.

ஆயிரத்து நூறு. அறுநூறு. நானூறு. இருநூற்று நாற்பது. அக்டோபர் கடைசியில் நூற்று முப்பதுக்கு வந்து நின்றது. அன்றைக்கு அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அது எந்தக் குழியில் விளைந்தது என்று தெரிந்தும் நான் தின்றேன்.

அந்த வாரம்தான் சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை அதிகாரி ஹாலிம் நேரில் பார்வையிட வருகிறார் என்று. நான் சந்தோஷப்பட்டேன். என் சந்தோஷத்தில் நான் மறந்துபோனது எங்கள் பெரிய கிராணி பழனியப்பனை.

பழனியப்பன் தலைமைக் குமாஸ்தா, ஆலை ஆபீசைக் கட்டி ஆள்பவர். நல்ல மனிதர்தான், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் 'விசிட்டு' என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் மனிதர் மாறிவிடுவார். துரைமார் காலத்திலிருந்து தோட்டங்களில் இது ஒரு வழக்கம். மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிக்க வேண்டும், தென்னைக்கு இடுப்புயரம் சுண்ணாம்பு பூச வேண்டும், கொடித் தோரணம் கட்ட வேண்டும், லோங்காங் முழுக்கப் பினாயில் ஊற்ற வேண்டும். துரைமார் போய் இருபது வருடமாகியும் பழனியப்பன் மாதம் ஒருமுறை லயத்து லோங்காங்குக்குப் பினாயில் ஊற்றுவதை விடவில்லை. பினாயில் அலமாரிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கும்.

சனிக்கிழமை மத்தியானம் நான் ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். இருளாயி அக்கா தன் தமக்கை மகள் கல்யாணத்துக்கு பீடோருக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை வந்து இறங்கியபோது பஸ்ஸில் ஒருவர், "என்னம்மா, இன்னைக்கு நாத்தத்தையே காணோம்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாசலில் கல்லெல்லாம் பளிச்சென்று வெள்ளை. ஆபீஸ் முகப்பில் பலூன். குட்டைக்குப் போனேன். முதல் குட்டை பால்போல் வெளுத்துக் கிடந்தது.

யாரோ மரத்துப் பாலைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்தேன். ஆஸ்பத்திரி வாசம். பினாயில் தண்ணீரில் கலந்தால் வெள்ளையாகும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரையில் ஐந்து கேலன் டின்கள் எட்டு, காலியாக, அதையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஒரு குமிழிகூட இல்லை.

பீடோரிலிருந்து நேராக வந்த இருளாயி அக்கா கல்யாணப் புடவையோடு என் பக்கத்தில் நின்றாள். மூங்கிலை விட்டு ஒரு கிண்டு கிண்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "ஒண்ணுமே மிஞ்சலையா?" என்று என்னைக் கேட்டாள். நான் காலி டின்களைக் காட்டினேன்.

பழனியப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

"எப்படி இருக்கு ஐவி? நாத்தம் போன இடம் தெரியலை பாத்தியா. ரெண்டு நாளா ஆள் போட்டு ஊத்தினேன்."

நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது அவரே, "போதும் போதும்" என்றார். பழனியப்பனுக்கு முகம் சுருங்கியது. அவர் செய்தது என்ன என்று அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தபோது சட்டைக் காலரில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

"கிருமியைக் கொல்லத்தானே பினாயிலு" என்றார்.

"கிருமியைத்தான் அண்ணே நாங்க எட்டு மாசமா சோறு போட்டு வளர்த்தோம்."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஹாலிமுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், அமைதியானவர். குட்டையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். லூயிஸ் முந்திக்கொண்டு, "கொஞ்சம் பால் கலந்திருச்சு, நாளைக்குச் சரியாயிடும்" என்று மலாயில் சமாளித்தார். எனக்கு வாய் நிற்கவில்லை, நானும் மலாயிலேயே சொன்னேன்.

"இல்லை என்சிக். நீங்க வர்றீங்கன்னு பினாயில் ஊத்திட்டாங்க. பூச்சி எல்லாம் செத்துப்போச்சு."

லூயிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஹாலிம் எட்டு டின்களையும் பார்த்தார், வெள்ளையடித்த கற்களைப் பார்த்தார், கடைசியில் பழனியப்பனின் சட்டையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் முன் ஆட்டுக்குட்டியைக்கூடக் குளிப்பாட்டிக் கட்டுவார்களாம்.

சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "டிசம்பர் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வருவேன். அன்னைக்கு நூறுக்குக் கீழே இல்லைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அந்தத் தடவை கடிதம் வராது."

ஜீப் போன பிறகு பழனியப்பன் குட்டைக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு இன்னும் பாக்கி இருந்ததால் நானும் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கோலா கங்சார் பக்கம் எங்க அப்பா கிராணியா இருந்தாரு. விசிட்டு வந்த துரை ஒரு லோங்காங் முன்னால நின்னு மூக்கைப் பொத்தினான். அவ்வளவுதான். மறுநாளு எங்கப்பாவுக்கு வேலை இல்லை, எங்களுக்கு வீடு இல்லை. எனக்கு அப்ப பத்து வயசு. நாத்தம்னாலே எனக்கு அந்தத் துரை மூக்கைப் பொத்தினதுதான் ஞாபகம் வரும் ஐவி. அறுபத்திரண்டு குடும்பமும் அப்படித் தெருவுல நிக்கக் கூடாதுன்னுதான் ஊத்தினேன்."

மிச்சம் வைத்திருந்த திட்டை நான் வெளியே எடுக்கவில்லை. அவர்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

எட்டு வாரம்தான் இருந்தது. லூயிஸ் ஆலையை அரை நாளாகக் குறைத்தார். முதல் குட்டையை அடைத்துவிட்டுக் கழிவை நேரே இரண்டாவதுக்குத் திருப்பினோம், அது மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டே தாங்கியது. முதல் குட்டையில் மறுபடியும் சாணம் கரைத்து ஊற்றினோம். பத்து நாள் காத்திருந்தோம். குமிழி இல்லை. இன்னொரு லோரி சாணம். அதுவும் போய்ச் சேர்ந்தது. தண்ணீரில் பினாயில் இருக்கும்வரை எந்தப் பூச்சியைப் போட்டாலும் சாகும். தண்ணீரை இறைத்து ஓடையில் விடவும் முடியாது, அது ஊரையே கொல்லும். லயத்துப் பெண்கள் சாமான் கட்ட அட்டைப் பெட்டி கேட்டுக் கடைக்காரனிடம் போவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அன்றைக்கு முதல்முறையாக ஜன்னலை ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் இருளாயி அக்காவிடம், "முடிஞ்சுதுக்கா. பினாயில்ல உசுரோட இருக்கிற பூச்சி எதுவும் கிடையாது" என்றேன்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். பினாயிலு கொல்லும்லா."

"அப்ப என் வீட்டுக் குழி ஏன் சாகலை?"

"எந்தக் குழி?"

"தீபாவளிக்கு மூஞ்சியைச் சுளிச்சியே, அந்தக் குழிதான். கிராணி ஐயா மாசா மாசம் லோங்காங்குல ஊத்துற பினாயிலு எங்க போவுது? எல்லாம் என் குழிக்குத்தான் வருது. இருபது வருசமா வருது. ஊத்தின அன்னைக்குக் கொஞ்சம் வெளுக்கும். ரெண்டு நாளு கழிச்சுப் பாத்தா, பழையபடி கொப்பளிக்கும். பினாயிலு வாடையும் இருக்காது."

 கோலாலம்பூர் வகுப்பில் ஒரு சீனப் பேராசிரியர் போகிற போக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலான பூச்சி செத்துப்போகும், சாகாத சில விஷத்தையே தின்னப் பழகிவிடும் என்று. அன்றைக்கு நான் அதைக் குறிப்பெடுக்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டிருந்தது.

"ஏன்க்கா இதை முந்தியே சொல்லலை?"

"நீ என் குழியைப் பத்திக் கேக்கவே இல்லையே தங்கச்சி."

நியாயமான பேச்சு. எனக்குத்தான் காது சூடானது.

அவசரப்பட்டுக் குட்டையில் கொட்டவில்லை. மூன்று குப்பிகளில் வெளுத்த குட்டைத் தண்ணீரை நிரப்பினேன். ஒன்றில் சாணம், ஒன்றில் இரண்டாவது குட்டைச் சேறு, ஒன்றில் அக்காவின் குழிச் சேறு. பூச்சி வேலை செய்து காற்று விட்டால் தெரிய வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று விழித்தபோது பழனியப்பன் ஓசைப்படாமல் மேசைமேல் எதையோ வைத்தார். விசிட்டுக்கு வாங்கி மீந்த பலூன்கள். குப்பிக்கொரு பலூனை அதன் வாயில் மாட்டினோம். முதலிரண்டுக்கும் மஞ்சள், குழிச் சேற்றுக்குச் சிவப்பு.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை கதவைத் திறந்தபோது பழனியப்பன் எனக்கு முன்னால் உள்ளே நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பலூன்கள் இரண்டும் துவண்டு தொங்கின. சிவப்பு பலூன் எழுந்து உட்கார்ந்திருந்தது, எலுமிச்சம்பழ அளவுக்கு.

"தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். தொட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அன்று தொடங்கியது ஊர்வலம். இருளாயி அக்காவின் வீட்டிலிருந்து குட்டைவரை ஆட்கள் வரிசையாக நின்று பால்வாளிகளில் சேற்றைக் கைமாற்றினார்கள். அட்டைப் பெட்டி கேட்டுப் போன பெண்களும் நின்றார்கள். வரிசையின் முதல் ஆள் யார் என்றால், முப்பது வருடமாகப் பேனாவைவிடக் கனமான எதையும் தூக்காத பெரிய கிராணி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் முழங்கால்வரை இறங்கி நின்று அள்ளினார். மேலே நின்ற இருளாயி அக்காவுக்கு வாழ்நாளில் கிடைக்காத வாய்ப்பு, விடுவாளா.

"ஐயா, அடியில இருக்கிறதை அள்ளுங்க. மேலாக்க அள்ளினா என்ன பிரயோசனம்."

"அள்ளுறேன் இருளாயி."

"வாளி நெறையலையே ஐயா."

"நெறைக்கிறேன் இருளாயி."

மொத்தமாகக் கொட்டாமல் ஓரத்தில் தடுப்புக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினோம். எட்டாம் நாள் அந்த ஓரத்தில் முதல் குமிழி. நான் நாற்காலி போட்டு அதன் எதிரில் உட்கார்ந்து பசியாறினேன். மூன்றாவது வாரம் குட்டை முழுக்க வெள்ளை கலைந்து பழுப்பானது. நாற்றமும் திரும்பியது. பஸ் டிரைவர் பழையபடி ஜன்னலை ஏற்றச் சொல்லிக் கத்தியபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

எண் இறங்கியது. அறுநூறு. முன்னூறு. நூற்று ஐம்பது. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் நூற்று எட்டு. அங்கேயே நின்றது. மறுநாளும் நூற்று எட்டு. நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன், இருளாயி அக்கா முனியாண்டிக்குச் சுருட்டு நேர்ந்துகொண்டாள்.

டிசம்பர் இருபத்தெட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. கொடி இல்லை, சுண்ணாம்பு இல்லை. பழனியப்பன் பனியனும் கைலியுமாகக் குட்டைக் கரையில் மூங்கிலோடு நின்றபோது ஜீப் வந்து நின்றது. சட்டை மாற்ற ஓடப் பார்த்தவரை இருளாயி அக்கா தடுத்தாள்.

"நில்லுங்க ஐயா. அவரு வந்தது தண்ணியைப் பாக்க."

ஹாலிம் கடைசி வாய்க்காலில் தண்ணீர் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அவர் ஆய்வுக்கூடத்தில் அந்த எண் தெரிய மூன்று நாளாகும். அந்த மூன்று நாளும் ஆலையில் யாரும் உரக்கப் பேசவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் டெலிபோன் வந்தது. லூயிஸ் எடுத்தார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்து விரல்களைக் காட்டினார். முதலில் எட்டு, பிறகு ஒன்பது.

"எம்பத்தொம்போதா சார்?" என்றேன். தலையாட்டினார். நான் மேசைமேல் தலைவைத்து அழுதேன். வெளியே இருளாயி அக்காவின் குரல் ஆலை முழுவதும் எண்பத்தொன்பதைச் சொல்லிக்கொண்டு ஓடியது.

புது லைசென்ஸோடு நிரப்பி அனுப்ப ஒரு ஃபாரம் வந்தது. அதில் 'கழிவுநீர்ப் பொறுப்பாளர்' என்று ஒரு வரி. பழனியப்பன் தட்டச்சு செய்து எடுத்துவந்து காட்டினார். அந்த இடத்தில் என் பெயர் இருக்கும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். இருளாயி, பிச்சைமுத்து மகள் என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது உண்மை. பத்து மாதம் 'நான் பொறுப்பு' என்று திட்டு வாங்கியவள் நான்தானே. ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது அதில் அடிக்க ஒரு எழுத்துகூட இல்லை என்று தெரிந்தது. நானே கொண்டுபோய் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைத் தவிர ஆபீஸ் காகிதம் எதிலும் அவள் பெயர் ஏறியதில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பழனியப்பனிடம் திரும்பினாள்.

"பொறுப்புன்னா, பினாயிலு சாவி யாருகிட்ட இருக்கணும் ஐயா?"

பழனியப்பன் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். இனிமேல் இந்த ஆலையில் ஒரு சொட்டுப் பினாயில் வெளியே வராது என்று நான் நிம்மதியானேன்.

மறுமாதம் முதல் தேதி பார்த்தால், இருளாயி அக்கா ஒரு தகரக் குவளையில் பினாயில் எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள். பதறிப்போய் ஓடினேன்.

"என்னக்கா பண்ற, மறுபடியுமா?"

"குட்டைக்கு இல்லை தங்கச்சி, என் குழிக்கு. நாளைக்கு இன்னொருத்தன் எதையாச்சும் ஊத்தித் தொலைச்சா நமக்கு இதுங்கதானே கதி. மாசாமாசம் ஒரு வாய் குடுத்தாத்தான் பழக்கம் விடாது" என்றபடி லோங்காங்கில் அளந்து ஊற்றினாள். "இருபது வருசமா தின்னதுங்க. திடீர்னு நிறுத்தினா பசிக்கும்லா."